வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்?

உள்நோயாளியாகச் சேரப்போகிறவரிடம் நம் மருத்துவமனைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கூட இருக்க யார் வந்திருக்கீங்க?" அட்டெண்டர் இல்லாமல் நம் வார்டுகள் நடப்பதில்லை. மாத்திரை வாங்கிவர, ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ள, ராத்திரி குளுக்கோஸ் பாட்டில் தீரும் நேரத்தில் நர்ஸைக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். படுக்கையில் சேரப்போகிறவரே இதுநாள்வரை வீட்டில் இன்னொருவருக்குத் துணையாக இருந்தவர் என்றால், அந்த இன்னொருவரை இனி யார் பார்ப்பார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் படுத்த படுக்கையான தாயையோ தகப்பனையோ ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் நடுவயதுக்காரருக்குக் கடும் நோய் வந்தால், ஒரே நாளில் மூன்று தலைமுறையும் ஆதரவற்றுப்போகிறது. அதைக் குடும்பத்தின் சொந்தக் கவலை என்று சுகாதாரத் துறை விட்டுவைத்திருக்கிறது. அந்த வீட்டைத் தாங்குவது நோயாளியின் சிகிச்சையைச் சேர்ந்தது. மருந்தையும் அறுவைச் சிகிச்சையையும் ஏற்பாடு செய்யும் அரசே இதையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறேன்.

இதை நான் இரக்கத்தின் பேரில் சொல்லவில்லை, மருத்துவக் காரணத்துக்காகவே சொல்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தது இதுதான். முற்றிப்போகாமல் கண்டுபிடித்தால் பலரைக் குணப்படுத்திவிடலாம். அறுவைச் சிகிச்சைக்கு ஏற்ற கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு தருகிறார்கள்; மக்கள் அதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். கூடவே வாரம் ஒரு கீமோ, பிறகு உள்கதிர்வீச்சு. இவையெல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது புற்றுநோய் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட விதி. நாள் தள்ளிப்போகப் போக நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. கதிர்வீச்சுக் கருவி இருப்பது பெரிய நகரத்தில். தினமும் பஸ் ஏறிப் போய்வர வேண்டிய ஒரு பெண், அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று இரண்டு நாள், பையனுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் விட்டுவிட்டால், மருத்துவரின் கணக்கு கலைந்துபோகிறது. கேஸ் ஷீட்டில் அது 'நோயாளி வரவில்லை' என்றுதான் பதிவாகும். வராததன் காரணம் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பது அதில் ஏறுவதில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்து, அக்குள் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டால், அந்தப் பக்கத்துக் கை வீங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. காயம் ஆறும்வரை கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று எச்சரித்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதே வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த தாய் இருந்தால், படுக்கைப் புண் வராமலிருக்க அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட வேண்டும். இடுப்புக்குக் கீழே ஒரு கை, தோளுக்குப் பின்னால் ஒரு கை கொடுத்து, தன் மார்போடு அணைத்துத்தான் திருப்ப முடியும். இரண்டும் சரியான மருத்துவ அறிவுரைகள். இரண்டையும் ஒரே உடம்பால் நிறைவேற்ற முடியாது. கீமோவுக்குப் பிறகு வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சளி, காய்ச்சல் உள்ளவர்களிடமிருந்து விலகியிருக்கச் சொல்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? "ரெஸ்ட் எடுங்கம்மா" என்ற வார்த்தை மருந்துச் சீட்டில் எழுதாமலேயே எல்லோருக்கும் தரப்படும் மருந்து. அதை வாங்கக் கடைதான் இல்லை.

சொந்தபந்தம் இருக்கிறதே, நாத்தனாரோ தங்கையோ வந்து பார்க்க மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் வந்தார்கள். இன்றும் பல வீடுகளில் வருகிறார்கள். அவர்களால்தான் பலர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால், தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 1.8தான் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அறுபது வயதைக் கடந்தவர்களின் விகிதத்தில் நம் மாநிலம் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. பெற்றோரின் சுமையைப் பகிர இருந்த நான்கைந்து உடன்பிறப்புகள் ஒன்றிரண்டாகிவிட்டார்கள். அந்த ஒருவரும் திருப்பூரிலோ ஓசூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிறார். மேலும், உறவு என்று நாம் சொல்லும்போது உண்மையில் இன்னொரு பெண்ணைத்தான் சொல்கிறோம். 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதில் ஈடுபடுகிறவர்களிலும் பெண்களுக்கு 134, ஆண்களுக்கு 76. அத்தை வர முடியாத வீட்டில் அந்த நிமிடங்கள் பத்தாம் வகுப்பு படிக்கும் மூத்த மகளின் தலையில் விழுகின்றன. அம்மா பிழைத்து எழுந்தாலும் மகளின் படிப்பு திரும்புவது நிச்சயமில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கடனில் மூழ்காமல் அது காத்திருக்கிறது. அதில் சேர ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. அந்த வருமானத்தில் வீட்டுக்கு ஹோம் நர்ஸ் வைக்க முடியாது என்பது அரசுக்கே தெரியும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் புற்றுநோய் போன்ற நீண்டகால நோய் வந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் களை பறிப்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் தெருவோரம் இட்லி சுடுபவருக்கும் அது எட்டாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, பெற்றோரைக் காப்பது பிள்ளையின் கடமை என்கிறது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. கடமையைச் சொன்ன சட்டம், கடமையைச் செய்கிறவரே விழுந்துவிட்டால் கைகொடுக்க யாரையும் நியமிக்கவில்லை.

வீட்டுக்குள் நடக்கும் காரியத்தில் அரசு தலையிடலாமா, பிறகு குடும்பம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. பிள்ளைக்குச் சோறு போடுவதைவிடக் குடும்பத்துக்கு நெருங்கிய காரியம் எது? 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு விரிந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவானது, 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. எந்தத் தாயும் இதனால் தாய்மையை இழந்துவிடவில்லை. கீமோ முடிந்து குமட்டலோடு எழுந்திருக்கும் ஒரு தாய்க்கு, பள்ளியில் பிள்ளைக்குக் காலை உணவு கிடைக்கும் என்பது எத்தனை பெரிய நிம்மதி! அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் நோயாளித் தாயை நினைத்து வகுக்கவில்லை. என்றாலும் வீட்டு வேலையில் ஒரு துண்டை அரசு எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. பக்கத்து மாநிலமான கேரளம், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வைத்தது. தொகை சிறியது, வீட்டில் பார்ப்பதும் வேலைதான் என்ற ஒப்புதல் பெரியது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பராமரிப்பவர் என்றொருவரை வரையறுத்து, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்புப் படி பற்றியும் பேசுகிறது. ஆக, கொள்கையளவில் இது புதிதல்ல.

பணமாகக் கொடுத்துவிட்டால் போதாதா என்றும் கேட்கலாம். மகளிர் உரிமைத்தொகையாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போகிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். நோய் வந்த வீட்டில் அது பஸ் செலவுக்கு உதவும். படுத்திருக்கும் மாமியாரைப் புரட்டிப்போடாது. அந்த வீட்டுக்கு வேண்டியது சில மாதங்களுக்கு ஒரு ஜோடிக் கைகள், நாளுக்குச் சில மணி நேரம். அந்தக் கைகளுக்கான அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்திருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கின்றன. அந்தத் தன்னார்வலர்களின் தோளில் இப்போதே வேலை அதிகம், ஊதியம் குறைவு. அவர்கள்மேல் இன்னொரு சுமையை ஏற்றக்கூடாது. தனியாகப் பயிற்சி தந்து, நியாயமான கூலி தந்து, வீட்டுப் பராமரிப்பாளர்கள் என்றே புதிதாக எடுக்க வேண்டும். கிராமத்துப் பெண்களுக்கு அது வேலைவாய்ப்பும் ஆகும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பதுதான் கடினமான கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. எல்லா முதியவர்களுக்கும் எல்லா நாளும் ஆள் போடச் சொன்னால் எந்த மாநில பட்ஜெட்டும் தாங்காது. ஜப்பான் 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக்கென்றே காப்பீடு கொண்டுவந்து, 40 வயதைத் தாண்டியவர்கள் எல்லோரிடமும் சந்தா வாங்குகிறது. நாம் இன்று அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் இங்கே கேட்பது ஒரு குறுகிய வட்டத்துக்கு, ஒரு குறுகிய காலத்துக்கு: கடும் நோய்ச் சிகிச்சையில் இருப்பவர், அவரை நம்பிச் சிறு பிள்ளைகளோ படுத்த பெற்றோரோ இருக்கும் வீடு, சிகிச்சை நடக்கும் சில மாதங்கள். காப்பீட்டில் ஒரு கதிர்வீச்சுத் தொடருக்குப் பணம் கட்டிவிட்டு, அதை நோயாளி பாதியில் விட்டால் போன பணம் போனதுதான். நோய் திரும்பினால் இன்னொரு செலவு. முதியோர் இல்லத்தில் விடலாமே என்பவர்கள், படுத்த படுக்கையானவரை எத்தனை இல்லங்கள் சேர்த்துக்கொள்கின்றன என்று விசாரித்துப் பார்க்கட்டும். சிகிச்சைக் காலத்துக்கு மட்டும் பெற்றோரை வைத்துப் பார்க்க, அரசு மருத்துவமனைகளில் சில படுக்கைகளை ஒதுக்குவதும் ஒரு வழி.

தொடக்கமாக, புற்றுநோய்ப் பிரிவுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் டயாலிசிஸ் மையங்களும் நோயாளியின் பதிவுத் தாளில் மூன்று வரி சேர்க்கலாம்: உங்களை நம்பி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் எழுந்து நடக்க முடியாதவர் உண்டா, நீங்கள் இங்கே வரும் நேரத்தில் அவர்களைப் பார்ப்பவர் யார். மூன்றாவது வரி காலியாக இருக்கும் தாள் அன்றே அந்த வட்டாரச் சுகாதார அலுவலருக்குப் போக வேண்டும். பிள்ளை படிக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும், பெற்றோர் சம்மதித்தால், தகவல் போக வேண்டும். அந்தப் பிள்ளையின் வருகை குறையத் தொடங்கினால் கண்டிப்பதற்கு முன் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்க்கட்டும். தாள் எத்தனை வந்தது, எத்தனை வீட்டுக்கு ஆள் போனது, எத்தனை பேர் சிகிச்சையை முழுதாக முடித்தார்கள் என்ற கணக்கை இரண்டு மாவட்டங்களில் ஓராண்டு எடுத்தால், மாநிலம் முழுதுக்கும் எவ்வளவு பணம், எத்தனை ஆட்கள் வேண்டும் என்பதை நிதித் துறையோடு உட்கார்ந்து பேசிவிடலாம்.