பெயரிழந்த சரக்கு

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கே, கத்தலோனியாவில், மோன்சாந்த் மலைத்தொடரை அடுத்துப் பிரியோராத் என்னும் சிறு மலைநாடு உள்ளது. அங்கு விளையும் திராட்சையிலிருந்து வடிக்கப்படும் செந்நிற ஒயின் இன்று உலகச் சந்தையில் பெருவிலை பெறுகிறது. குடியைப் போற்றுவது நமது நோக்கமன்று. எனினும் மதுவைத் தொடாத அங்கத்தினர்களும் அம்மலைநாட்டு விவசாயிகளின் வரலாற்றை அறிதல் நலம். அவர்களும் நம்மைப் போலச் சங்கம் கண்டவர்களே.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவிகள் ஸ்காலா டெய் என்னும் மடத்தை நிறுவி அங்கே திராட்சை பயிரிடலாயினர். மடத்துத் தலைவரின் ஆளுகைக்குட்பட்ட நிலம் என்பதே பிரியோராத் என்ற பெயரின் பொருள். மண் என்று சொல்லத்தக்கது அங்கு குறைவு. லிகோரெய்யா எனப்படும் கரிய பலகைக்கல் ஏடு ஏடாகப் பெயர்ந்து சரிவெங்கும் கிடக்கிறது. மழையும் சொற்பமே. கல்லின் வெடிப்புகளூடே கொடியின் வேர் நீரைத் தேடி ஆழமாக இறங்குகிறது. பல சரிவுகளில் இயந்திரம் ஏறாது. கோவேறு கழுதையும் மனிதர் கையுமே உழைத்தாக வேண்டும். கார்னாச்சா, காரின்யேனா இனங்களின் முதிர்ந்த கொடிகள் தருவது மிகக் குறைந்த காய்ப்பு. ஆனால் அக்காய்ப்பில் சாறு செறிந்து நிற்கிறது. அடர்ந்த நிறம், கனத்த சுவை, 100க்கு 14, 15 பங்கு மதுசாரம் என்பன அதனால் வருவன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பில்லோக்செரா என்னும் வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்தது. குடிகள் பலர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். எஞ்சியோர் பின்னர் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துப் பிழைத்தனர். அச்சங்கங்கள் இல்லையேல் பழங்கொடிகள் மிஞ்சியிரா என்பது நமது கருத்து. ஆயினும் அவர்களுடைய சரக்கு பெரும்பாலும் மொத்தமாகவே விலைபோயிற்று. பிற இடத்து மெலிந்த ஒயினுக்கு வலுவூட்ட அது கலக்கப்பட்டது. கலந்தவுடன் அதன் பெயரும் கரைந்தது.

1989இல் ரெனே பார்பியே, அல்வாரோ பலாசியோஸ் முதலிய ஐவர் கிரதல்யோப்ஸ் என்னும் சிற்றூரில் திராட்சையை ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஒயினை வடித்து, ஐந்து பெயர்களில் புட்டிகளில் அடைத்தனர். கூடிச் செய்ததில் அவர்களும் சங்கத்தாரைப் போன்றவர்களே! வேறுபாடு, சரக்கின்மேல் தம் பெயரைப் பொறித்ததில்தான். பலாசியோஸ் 1993ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து தொடங்கிய லெர்மிதா, ஸ்பெயினில் மிக உயர்ந்த விலையுள்ள ஒயின்களுள் ஒன்றாயிற்று. அது முன்னோர் கை நட்ட பழங்கொடிகளின் கனியாகும். அக்கொடிகளை வறுமையிலும் காத்துப் பின் நிலத்தை விற்றுச் சென்றவனுக்கு அவ்விலையில் பங்கு உண்டோ?

இது தனிமனிதர் முயற்சியின் வெற்றி, சங்கத்தால் ஆகாது என்பர் சிலர். நாம் அதை ஏற்கவில்லை. இத்தாலியின் பார்பரெஸ்கோ ஊரில் 1958இல் பாதிரியார் ஒருவரின் முயற்சியால் 19 சிறு விவசாயிகள் சங்கம் அமைத்தனர். ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டு, சிறந்த தோட்டங்களின் ஒயினை 1967 முதல் தோட்டப் பெயருடனேயே தனித்தனியாக வெளியிட்டனர். அச்சங்கம் இன்றும் சிறப்புடன் நடைபெறுகிறது.

நெசவாளர் மடித்துக் கொடுத்த சேலையின்மேல் வியாபாரியின் சீட்டு ஒட்டப்படுவதும், விளைபொருள் பெயரற்ற மூட்டையாக மண்டிக்குப் போவதும் நாம் அறியாததன்று. சென்ற ஆண்டில் சங்கத்தின் முத்திரையுடன் வெளியேறிய சரக்கு எவ்வளவு, முத்திரையின்றிப் போனது எவ்வளவு, இரண்டிற்கும் கிடைத்த விலை என்ன என்ற கணக்கை ஆண்டறிக்கையில் தனியே காட்டும்படி அங்கத்தினர்கள் வரும் பொதுக்குழுவில் கேட்க வேண்டும்.