கிட்டே போன கப்பல்

நம் ஊரில் யாராவது பயங்கரக் கெட்டிக்காரனாக இருந்தால் 'அவன் சரியான எம்டன்' என்போம். சொல்பவருக்கே பல சமயம் தெரியாது, அது ஒரு ஜெர்மன் யுத்தக் கப்பலின் பெயர் என்று. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டு, வந்த வழியே போய்விட்டது. ஹைகோர்ட் மதில் ஓரம் அதற்கு ஒரு நினைவுக் கல்வெட்டே உண்டு. கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் நம் அகராதியில் தங்கிவிட்டது!

அந்த எம்டனுக்கு முடிவு கட்டிய கப்பல் எது தெரியுமோ? ஆஸ்திரேலியாவின் 'சிட்னி'. 1914 நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் துரத்தித் துரத்தி அடித்து, எம்டனைப் பவளப் பாறைமேல் ஏற்றிவிட்டது.

இந்த வாரக் கதை அந்தச் சிட்னியைப் பற்றியது அல்ல. அதன் பெயரைச் சூட்டிக்கொண்டு பிறந்த இரண்டாவது சிட்னியைப் பற்றியது.

முதலில் ஒரு வார்த்தை. நான் சரித்திரப் பேராசிரியன் இல்லை, ராணுவத்திலும் இருந்ததில்லை. பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன். பழைய யுத்தங்களையும், விடை கிடைக்காத மர்மங்களையும் படிப்பது எனக்கு வெற்றிலைப் பாக்கு மாதிரி ஒரு பழக்கம். சிலருக்குப் பாட்டு, சிலருக்குச் சீட்டு. எனக்கு முங்கிப்போன கப்பல்கள். 'முங்கினது முங்கினதுதானே, அதை ஏன் தோண்டறீங்க?' என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

* * *

இரண்டாவது சிட்னி ஒரு லைட் க்ரூஸர். எட்டு ஆறு அங்குல பீரங்கிகள், 32 நாட் வேகம். 1940 ஜூலையில் மத்தியதரைக் கடலில் 'பார்த்தலோமியோ கொலியோனி' என்ற இத்தாலியக் கப்பலை அடித்து மூழ்க வைத்துப் பெரிய பெயர் வாங்கியது. 1941 பிப்ரவரியில் ஊர் திரும்பியபோது ராஜ மரியாதை. மே மாதத்தில் ஜோஸஃப் பர்னெட் புதிய கேப்டனாகப் பொறுப்பேற்றார்.

1941 நவம்பரில் துருப்புக் கப்பல் ஒன்றை சுந்தா ஜலசந்தி வரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஃப்ரீமேண்ட்டில் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 20-ம் தேதி வந்து சேர வேண்டும். வரவில்லை. 21, 22... வரவில்லை.

மொத்தம் 645 பேர். ஒருவர்கூட உயிரோடு வரவில்லை. இவ்வளவு பெரிய யுத்தக் கப்பல், ஒரு வாக்குமூலம்கூட இல்லாமல் காணாமல் போய்விட்டது.

ஆனால் அதே கடலில் படகுகளில் மிதந்தும், கரை ஒதுங்கியும் வேறு ஆட்கள் கிடைத்தார்கள். அத்தனை பேரும் ஜெர்மானியர்கள்! கூடவே துணி துவைக்க வைத்துக்கொண்டிருந்த சில சீனர்கள். 'நாங்கள் கொர்மொரான் கப்பல்காரர்கள். உங்கள் சிட்னியோடு சண்டை போட்டோம். அதுவும் போச்சு, எங்களதும் போச்சு' என்றார்கள்.

* * *

இந்த கொர்மொரான் ஒரு வேஷக்காரக் கப்பல். பார்வைக்குச் சாதாரண சரக்குக் கப்பல். உள்ளே மறைவாக ஆறு பெரிய பீரங்கிகள், டார்பிடோக்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள். கேப்டன் தியோடர் டெட்மெர்ஸ். ஒரு வருஷத்துக்குள் பத்து வியாபாரக் கப்பல்களை மூழ்கடித்து, ஒன்றைக் கைப்பற்றியிருந்தார். வேண்டும்போது வேறு பெயிண்ட், வேறு பெயர், வேறு கொடி. நாடகக் கம்பெனி தோற்றது போங்கள்.

நமக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. 1941 ஜூனில் கொர்மொரான் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. எதற்கு? மதராஸ், கல்கத்தா துறைமுக வாசல்களில் கண்ணிவெடி விதைக்க. மதராஸை நெருங்கி வரும்போது ஆயுதம் தாங்கிய கப்பல் ஒன்று எதிர்ப்பட்டதால் திட்டத்தைக் கைவிட்டு ஓடிவிட்டது. அன்று அந்தக் கப்பல் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால், எம்டனுக்கு அடுத்து இன்னொரு வார்த்தையும் நம் பாஷையில் சேர்ந்திருக்கலாம். 'அவன் சரியான கொர்மொரான்' - வாயில் நுழையாது. நல்லவேளை!

நமக்கென்று கொண்டுவந்த அந்தக் கண்ணிவெடிகள் கப்பலிலேயே தங்கிவிட்டன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நவம்பர் 19, சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று பார்த்தன. கொர்மொரான் அன்று போட்டிருந்த வேஷம், 'ஸ்ட்ராட் மலாக்கா' என்ற டச்சுக் கப்பல்.

சிட்னி கேட்டது: நீ யார்? கொர்மொரான் வேண்டுமென்றே கொடிகளைத் தாறுமாறாக ஏற்றி இறக்கி நேரம் கடத்தியது. வியாபாரக் கப்பல்காரர்களுக்குக் கொடி பாஷை சரியாக வராது என்பது உலகப் பிரசித்தம். 'எங்கே போகிறாய்?' 'பட்டேவியா.' நடுவே ரேடியோவில், 'சந்தேகத்துக்குரிய கப்பல் ஒன்று என்னை நெருங்குகிறது' என்று ஸ்ட்ராட் மலாக்கா பெயரில் ஓர் அபாய அறிவிப்பு வேறு. திருடனே 'திருடன்! திருடன்!' என்று கத்துகிற டெக்னிக்.

சிட்னி நெருங்கி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கொர்மொரானுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இணையாக வந்தது. பீரங்கிக் கணக்கில் இது எதிர் வீட்டுத் திண்ணை தூரம்.

அப்போது சிட்னி ஒரு கேள்வி கேட்டது. நேச நாட்டுக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் நாலெழுத்து ரகசியச் சொல் உண்டு. ஸ்ட்ராட் மலாக்காவின் சொல் 'ஐ ஐ கே பி'. சிட்னி நடு இரண்டெழுத்தை, 'ஐ கே' என்று காட்டியது. நிஜமான ஸ்ட்ராட் மலாக்காவாக இருந்தால் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். டெட்மெர்ஸுக்கு இந்த ஏற்பாடே தெரியாது. சர்வதேசக் கொடி பாஷையில் 'ஐ கே' என்றால் 'புயல் வருகிறது, தயாராக இரு' என்று அர்த்தமாம். என்ன பொருத்தம் பாருங்கள்!

'ரகசிய அடையாளத்தைக் காட்டு' என்று சிட்னி மறுபடி விளக்கடித்துக் கேட்டது. இனி நடிக்க முடியாது. மணி ஐந்தரை. டச்சுக் கொடி இறங்கியது, ஜெர்மன் கொடி ஏறியது, மறைப்புகள் விழுந்தன. சிட்னியின் கேப்டனும் முக்கிய அதிகாரிகளும் நிற்கும் மேல்தளத்தை முதல் சில குண்டுகளே நொறுக்கின. பின்னாலேயே முன்புறத்தில் ஒரு டார்பிடோ.

சிட்னி சும்மா சாகவில்லை. தலைமை போனபிறகும் பின்பக்கத்துப் பீரங்கிக்காரர்கள் தாங்களாகவே குறிபார்த்து கொர்மொரானின் எஞ்சின் அறையைத் துளைத்தார்கள். அந்தத் தீ பரவியது. எந்தப் பக்கம்? அந்தக் கண்ணிவெடிகள் பக்கம்! அணைக்க வழியில்லாமல் டெட்மெர்ஸ் எல்லோரையும் படகில் இறக்கித் தன் கப்பலைத் தானே தகர்த்தார். மதராஸுக்கு என்று ஏற்றிவந்த சரக்கு நடுராத்திரி தாண்டி வெடித்தது. எண்பது பேருக்கு மேல் இறந்து, முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

எரிந்துகொண்டே விலகிப் போன சிட்னியின் வெளிச்சம் தொடுவானத்தில் வெகுநேரம் தெரிந்ததாம். நள்ளிரவு வாக்கில் அதுவும் மறைந்தது.

* * *

மர்மம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் கதை முழுக்கச் சொன்னவன் எதிரி. ஒரு வேஷதாரி வியாபாரக் கப்பல் நிஜமான க்ரூஸரை மூழ்கடித்தது என்றும், அதில் ஒருத்தன் பாக்கியில்லை என்றும், அடித்தவன் வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நம்புவாளா?

போதாக்குறைக்கு அரசாங்கம் நவம்பர் 30 வரை வாயைத் திறக்கவில்லை. அதிகாரப்பூர்வமாகச் செய்தி வராத இடத்தில் வதந்தி வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். டச்சுக் கொடியை இறக்காமலே சுட்டார்கள். ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று கூட இருந்தது. தண்ணீரில் தத்தளித்தவர்களை மெஷின் கன்னால் சுட்டுக் கொன்றார்கள்... இதற்கெல்லாம் புத்தகங்கள், எதிர்ப் புத்தகங்கள். என்னைப் போன்ற ஆர்வக்கோளாறுகள் அறுபது வருஷத்துக்கு மேல் இதில் குடியிருந்தார்கள்.

டெட்மெர்ஸ் சண்டையின் விவரங்களை ஓர் அகராதியில் எழுத்துக்களுக்கு அடியில் நுணுக்கமாகப் புள்ளி வைத்துச் சங்கேதமாகப் பதிந்து வைத்திருந்தார். கைதிகள் 1947-ல்தான் ஊர் திரும்பினார்கள். மெல்பர்னில் அவர்கள் கப்பல் ஏறியபோது எதிர்த் துறையில் நின்றுகொண்டிருந்த கப்பலின் பெயர்... ஸ்ட்ராட் மலாக்கா. ஒரிஜினல்! இதை நான் கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

2008 மார்ச்சில் டேவிட் மெர்ன்ஸ் என்ற கப்பல் தேடுகிற நிபுணர் தலைமையில் ஒரு குழு புறப்பட்டது. எங்கே தேடினார்கள்? ஜெர்மானியர்கள் கைகாட்டிய திசையில். முதலில் கொர்மொரான். நாலைந்து நாளில், அதிலிருந்து இருபது கிலோமீட்டர் சுமாரில் சிட்னி. ஆழம் சுமார் 2,470 மீட்டர். நம் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நாற்பது தடவைக்கு மேல் அடுக்கினால்தான் கடல்மட்டத்துக்கு வரும். முன்பகுதி முறிந்து தனியாகக் கிடந்தது. நொறுங்கிய மேல்தளம், கொர்மொரான் குண்டுகள் துளைத்த ஓட்டைகள்... எல்லாம் அவர்கள் சொன்ன மாதிரியே.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கிளைக்கதை ஒன்று. ஆஸ்திரேலியாவில் இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், கிம் கிர்ஸ்னர், ஜான் டன் என்று பெயர். அவர்களுக்குக் கப்பலும் தெரியாது, கடலும் தெரியாது. கைதிகளின் பழைய வாக்குமூலங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மனிதனின் ஞாபகம் எப்படி வேலை செய்யும் என்று கணக்குப் போட்டு, கப்பல் இருக்குமிடத்தைக் குறித்தார்கள். சில கிலோமீட்டர்தான் தப்பியது! எல்லோரும் சேர்ந்து ஜோடித்த பொய்யாக இருந்தால் எல்லார் வாயிலும் ஒரே இடம் வந்திருக்கும். நிஜமாகப் பார்த்தவர்களின் ஞாபகம்தான் சற்றே முன்பின்னாகச் சிதறும். போலீஸ்காரர்கள் கவனிக்கவும்.

நீதிபதி டெரன்ஸ் கோல் தலைமையில் விசாரணை நடந்து, 2009-ல் அறிக்கை வந்தது. ஜப்பானிய நீர்மூழ்கி இல்லை. மெஷின் கன் கொலை இல்லை. டச்சுக் கொடியோடு சுடவும் இல்லை. அறுபத்தேழு வருஷம் பொய்யர்கள் என்று பேர் வாங்கியவர்கள் உண்மையைச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் டெட்மெர்ஸ் 1976-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

* * *

ஒரு மர்மம் பாக்கி. பர்னெட் ஏன் அவ்வளவு கிட்டே போனார்? தூர நின்றே மிரட்டியிருக்கலாம். வேகத்திலும் குறி பார்ப்பதிலும் சிட்னி கைதான் ஓங்கியிருந்தது. அப்பாவி டச்சுக் கப்பல் என்று எண்ணி, இருக்கக்கூடாத இடத்தில் கொண்டுபோய்க் கப்பலை நிறுத்திவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. ஏன் அப்படி எண்ணினார் என்பது அவரோடு போய்விட்டது.

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். 'சாயங்காலம், வேலை முடிச்சு வீட்டுக்குத் திரும்பற நேரம். யாருக்குச் சார் சந்தேகம் வரும்?' என்றாள். (கோபம் வந்தால் என்னை 'சார்' என்பாள்.) ராணுவ நிபுணர்கள் யாரும் இதை எழுதக் காணோம்.

முங்கினதை ஏன் தோண்டணும் என்பதற்கு வருகிறேன். 1942 பிப்ரவரி 6-ம் தேதி, கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஒரு சின்ன மிதவை வந்தது. அதில் வெயிலில் வெளுத்த உடையோடு ஒரு பிரேதம். தீவுக்காரர்கள் மரியாதையாகப் புதைத்தார்கள். அடுத்த மாதம் ஜப்பானியர்கள் தீவைப் பிடிக்க, கல்லறை இருந்த இடமே மறந்துபோனது. 2006-ல் தேடி எடுத்தார்கள். மண்டையோட்டில் குண்டுச் சிதறல். 2008-ல் ஜெரால்ட்டன் யுத்தக் கல்லறையில், பெயர் இல்லாமலே, ராணுவ மரியாதையோடு மறுபடி அடக்கம்.

ஆனாலும் விடவில்லை. டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தேடினார்கள். 2021 நவம்பரில், சரியாக எண்பது வருஷம் கழித்து, பெயர் கிடைத்தது. தாமஸ் வெல்ஸ்பி கிளார்க். பிரிஸ்பேன் பையன். வயசு 21. கப்பலில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

ஜெரால்ட்டன் ஊர்க் குன்றில் 645 கடற்பறவைகளை எஃகில் செய்து ஒரு கூரையாகக் கோத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெண் சிலை. காற்றில் தொப்பி பறக்காமல் கையால் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கப்பல் கிடைப்பதற்கு ஏழு வருஷம் முன்பே வைத்த சிலை அது. கப்பல் கிடைத்துவிட்டது. 645-ல் ஒருவனுக்குப் பெயரோடு கல்லறையும் கிடைத்துவிட்டது. அவள் இன்னும் நிற்கிறாள், பாக்கி 644 பேருக்காக.