பொற்றகடுகளும் பொருட்செல்வமும்

தேவதூதன் காட்டிய பொற்றகடுகளிலிருந்து மோர்மன் மதம் பிறந்த கதையைக் கேட்டு நகைத்து அமைவோர் நம்மிடையே உளர். நகைப்பு விமர்சனமாகாது. அக்கதையை உழைக்கும் மக்கள் ஏன் நம்பினர் என்பதே நமது கேள்வி.

பண்ணையை இழந்த வறிய குடும்பமொன்றின் மகனான ஜோசப் ஸ்மித், 1830இல் நியூயோர்க் மாநிலத்தில் மோர்மன் நூலை வெளியிட்டுத் திருச்சபையை நிறுவினார். உடைமைகளைச் சபைக்கு ஒப்படைத்துத் தேவைக்கேற்பப் பெறுக என்னும் விதி மறுவருடமே பிறந்தது. அச்சமத்துவக் கனவும் மக்களை ஈர்த்தது என்பதை நாம் மறுத்தல் இயலாது. 1844இல் ஸ்மித் சிறையில் வெறிக்கும்பலாற் கொல்லப்பட்டார். 1847இல் பிரிகம் யங் தம் மக்களை யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார்.

துன்புற்றோர் அதிகாரம் பெற்றதும் நிகழ்ந்ததென்ன? சபைத் தலைவரே ஆளுநராயிருந்த யூட்டாவில் 1852இல் அடிமைமுறை சட்டமாயிற்று. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவமும் மறுக்கப்பட்டது. அத்தடை 1978இலேயே நீங்கியது. பலதார மணமோ, சபைச் சொத்தைப் பறிக்கும் சட்டம் 1887இல் வந்ததும், 1890இற் கைவிடப்பட்டது. மனித மானத்துக்காக நூற்றாண்டுக்கு மேல் தாமதித்த இறைவெளிப்பாடு, சொத்துக்காக மூன்றே ஆண்டுகளில் இறங்கி வந்தது!

உடைமையைப் பொதுவாக்கப் புறப்பட்ட அச்சபை, இன்று உறுப்பினர் வருமானத்திற் பத்திலொன்றைக் கேட்கிறது. பெயரளவிலான நிறுவனங்களின் மறைவில் ஏறத்தாழ 3,200 கோடி டொலர் முதலீட்டை வைத்திருந்தமைக்காக, 2023இல் அதுவும் அதன் முதலீட்டு நிறுவனமும் 50 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது.

ஏழையின் கனவு பொய்யன்று; அதனைக் காப்பதாகச் சொன்ன கைகளே பொய்த்தன. அக்கனவை மண்ணில் நிறைவேற்றப் போராடாது, நம்பியவனை மட்டும் எள்ளுவது முற்போக்காகாது.