வாங்கிய விடைகளைத் திருப்பிக் கொடுங்கள்

திருகோணமலையில், ஓர்ஸ் ஹில் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வினாக்கொத்து புதிய பொருளன்று. உங்கள் வங்கியின் சேவை உங்களுக்குத் திருப்தி அளிக்கின்றதா? உங்கள் மேலதிகாரி உங்களை ஊக்குவிக்கின்றாரா? ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். முற்றாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றாக மறுக்கிறேன் என்பதில் முடியும். 1932ஆம் ஆண்டு ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்துத் தந்த அளவுத்திட்டம் இது. நமது முகாமைத்துவ பீடங்களின் அட்சய பாத்திரமும் இதுதான்.

மக்கள் மறுப்பதில்லை. படிக்கின்ற பிள்ளை கேட்கிறது என்று அடுப்பில் வைத்த உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து கட்டங்களை நிரப்பிக் கொடுக்கிறார்கள். நமது கேள்வி எளிமையானது: அந்த விடைகள் எங்கே போகின்றன?

அவை கணினிக்குள் போகின்றன. இணைபுக் குணகமாகவும் பிற்செலவுச் சமன்பாடாகவும் வெளிவருகின்றன. பின்பு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாகி, ஆய்வு மாநாடு ஒன்றில் பதினைந்து நிமிடம் வாசிக்கப்படுகின்றன. ஆய்விதழ் ஒன்றில் அச்சேறுகின்றன. எழுதியவரின் பதவி உயர்வுக் கோப்பில் புள்ளிகளாகப் படிகின்றன. விடை சொன்னவரிடம் மட்டும் அவை ஒருபோதும் திரும்பி வருவதில்லை. இது கடன். வாங்கியவர் மறந்துவிட்ட கடன்.

திருகோணமலைக்கு ஒரு பல்கலைக்கழக வளாகம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக வளர்ந்தது. போரையும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும், 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்த நாட்களையும் கடந்து வந்த மாவட்டம் இது. இத்தகைய மண்ணில், கோணேசபுரியில், தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகளுக்கென்று ஒரு பீடம் இயங்குகின்றது. அதற்கென்று ஓர் ஆய்விதழும் உண்டு. விரிவுரையாளர்கள் உழைக்கின்றார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. யாருக்காக உழைக்கின்றார்கள் என்பதே வழக்கு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பங்களாதேஷ் மக்கள் தெருவில் விழுந்து மடிந்தபோது, சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறைத் தலைவராக இருந்தவர் முகமது யூனுஸ். தாம் வகுப்பறையில் கற்பிக்கும் கோட்பாடுகளுக்கும் வாசலுக்கு வெளியே நடப்பதற்கும் தொடர்பில்லை என்று கண்டு, வளாகத்தை அடுத்திருந்த ஜோப்ரா கிராமத்துக்குள் நடந்தார். 1976இல் நாற்பத்திரண்டு பேரின் கடனைக் கணக்கெடுத்தார். மொத்தம் இருபத்தேழு டொலர். அதைத் தமது சட்டைப்பையிலிருந்தே கொடுத்தார். அதிலிருந்து கிராமீன் வங்கி பிறந்ததும், 2006இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்ததும் உலகம் அறிந்த கதை.

அந்தக் கதையின் மறுபாதி நமது ஊரில் எழுதப்பட்டது. ஏழையை மீட்பதற்கென்று வந்த நுண்கடன், போருக்குப் பிந்திய வடக்கிலும் கிழக்கிலும் ஏழைப் பெண்ணின் கழுத்துக்கே சுருக்கானது. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனால் பெண்கள் படும் துன்பத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். 2021 மார்ச்சில் அயல் மாவட்டமான பொலன்னறுவையில், ஹிங்குராக்கொடையில், கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

இந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்ட ஆய்வு என்ன? ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐம்பதாயிரம் ரூபாய் கடன். ஆண்டு வட்டி 24 சதவீதம் என்கிறார் முகவர். வட்டி பன்னிரண்டாயிரம், ஆக அறுபத்திரண்டாயிரத்தை 52 வாரங்களில், வாரத்துக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய் வீதம் கட்ட வேண்டும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ முழு ஐம்பதாயிரத்துக்கும் ஆண்டு முழுவதும் அறவிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியின் மீது கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 44 சதவீதம். சேவைக் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். நிதி முகாமைத்துவம் கற்கும் மூன்றாம் வருட மாணவருக்கு இது ஒரு மணித்தியால வேலை. இதைத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் கொடுத்திருந்தால், கையொப்பமிடுமுன் எத்தனை பெண்கள் ஒருமுறை நின்று யோசித்திருப்பார்கள்!

நுண்கடனைப் பற்றி ஆய்வே நடக்கவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். நடந்திருக்கிறது. வறுமை ஒழிப்பின் மீது நுண்நிதி செலுத்தும் தாக்கம் என்ற வகையிலான தலைப்புகளுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. பஞ்சம், அவற்றைக் கடன்காரப் பெண் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதுவதற்குத்தான்.

துறைமுகத்தின் கதையும் இதுவே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் எச்சமாக நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள் 2022 ஜனவரியில் பங்கிடப்பட்டன: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. 2025 ஏப்ரலில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு இராச்சியமும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. இதனால் இந்த ஊர் இளைஞருக்கு எத்தனை வேலை, நிலத்தின் விலை என்னவாகும், மீனவரின் கடல் எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு ஊருக்குச் சொல்ல வேண்டியவர்கள் யார்? கொழும்பிலிருந்து வரும் அதிகாரியா, டில்லியிலிருந்து வரும் ஆலோசகரா, தேர்தல் மேடைப் பேச்சாளரா? பொருளியலும் கணக்கியலும் கற்ற பீடம் பக்கத்திலேயே இருக்க, ஊர் வதந்தியை நம்பி வாழ்வது யாருக்கு இழுக்கு?

உலகத் தரம் வேண்டுமாயின் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பார்கள். எழுதட்டும். உலகத்தரம் பேசும் பிரித்தானியாவே 2014இல் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிட்டபோது, கல்விக் கூடத்துக்கு வெளியே அவை ஏற்படுத்திய பயனுக்கு 20 சதவீத மதிப்பளித்தது. 2021இல் அதை 25 ஆக உயர்த்தியது. அங்கே கேட்கப்படும் கேள்வியை இங்கே கேட்டால் மட்டும் அது படிப்பறியாதவனின் முறையீடாகிவிடுமா?

விரிவுரையாளரை மட்டும் குற்றம் சொல்வதும் நேர்மையன்று. கட்டுரைகளை எண்ணிப் புள்ளியிடும் ஒரு முறைமை, எண்ணத்தக்கதையே விளைவிக்கும். மரத்தைப் பழத்துக்காக அல்லாமல் இலைக்கணக்குக்காக வளர்த்தால், இலைதான் மிஞ்சும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் புள்ளித் திட்டத்தை மாற்றும்வரை பீடம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு. மக்களிடம் தரவு பெற்ற ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் கட்டாயமாகட்டும்; சிங்களம் பேசுவோரிடம் பெற்றதற்குச் சிங்களத்திலும். அது பொது நூலகத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும், மீனவர் சங்கங்களுக்கும், மாதர் சங்கங்களுக்கும் போகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மண்டபத்தில், விடை சொன்னவர்கள் முன்னால், முடிவுகள் படிக்கப்படட்டும். அவர்கள் எழுந்து கேள்வி கேட்கட்டும். எந்த ஆய்விதழின் மதிப்பீட்டாளரையும்விடக் கடுமையான கேள்விகள் அங்கே எழும் என்பது முப்பது ஆண்டுகள் செய்தி சேகரித்தவனின் அனுபவம்.

வாரக்கடன் வாங்கிய பெண் ஒரு தவணை தவறினால் முகவர் வாசலில் வந்து நிற்கிறார். அதே பெண்ணிடம் விடைகளை வாங்கிச் சென்ற ஆய்வாளர் எத்தனை தவணை தவறினாலும் கேட்பாரில்லை. இனி நாம் கேட்போம். அடுத்த முறை வினாக்கொத்து வாசலுக்கு வரும்போது, நிரப்பிக் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வியை நாமும் கேட்போம்: தம்பி, தங்கச்சி, இதன் முடிவை எங்களுக்கு எப்போது கொண்டு வந்து தருவீர்கள்?