புழு வேண்டாம், பட்டாம்பூச்சி மட்டும் வேணுமா?

போன ஞாயிற்றுக்கிழமை முலுண்டில் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தேன். நம்ம ஊர்க்காரர்தான். பால்கனியில் வரிசையாகத் தொட்டிகள். இட்லிப்பூ, செம்பருத்தி, அப்புறம் நர்சரிக்காரன் பெண்டாஸ் என்று சொல்லிக் கொடுத்த ஒன்று.

"பொண்ணுக்குப் பட்டாம்பூச்சின்னா உசிரு சார். அதுக்காகவே வாங்கி வச்சேன். ஆனா ஒண்ணுகூட தங்க மாட்டேங்குது. வருது, ஒரு சுத்து சுத்துது, போயிடுது" என்று அலுத்துக்கொண்டார்.

ஓரத்தில் இன்னொரு தொட்டி. கறிவேப்பிலை. பக்கத்திலேயே ஸ்ப்ரே பாட்டிலில் பூச்சி மருந்து.

"இது எதுக்கு சார்?"

"அதுல பச்சைப் பச்சையா புழு வருது. வாராவாரம் அடிச்சாத்தான் அடங்குது."

சிரிக்கக் கூடாதுதான், சிரித்துவிட்டேன். அவர் தேடும் பட்டாம்பூச்சியை அவரே வாராவாரம் மருந்தடித்துக் கொன்றுகொண்டிருக்கிறார்! (அதே இலையைக் கிள்ளித்தான் சாம்பாரில் போடுகிறார்கள் என்பது தனிக்கதை.) ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இதைவிடப் பெரிய பாவம் செய்தவன் நான். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் விஷயம். நாம் எல்லோரும் பட்டாம்பூச்சி என்றதும் பூவைத்தான் நினைக்கிறோம். பூ என்பது ஓட்டல். வரும், தேன் குடிக்கும், போகும். குடும்பம் நடத்த அதற்கு வேண்டியது இலை. அதுவும் ஏதோ ஒரு இலை இல்லை, அதன் குட்டிகள் தின்னக்கூடிய குறிப்பிட்ட இலை. பெண் பட்டாம்பூச்சி ஒரு செடியில் உட்கார்ந்து முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். காலிலேயே அதற்கு ருசி தெரியும். சரியான இலை என்றால்தான் முட்டை. இல்லையென்றால் அடுத்த செடி.

பிழைக்க ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது புரியாதா என்ன? தெருவெல்லாம் உடுப்பி ஓட்டல் இருந்தாலும், பெண்டாட்டி பிள்ளையோடு தங்க ஒரு வாடகை வீடு கிடைக்காத ஊரில் எத்தனை நாள் இருப்போம்?

இதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பம்பாயோ, தில்லியோ, புனேயோ, தமிழன் வாடகைக்குப் போகும் வீட்டில் முதலில் வைக்கும் செடி துளசி, இரண்டாவது கறிவேப்பிலை. அந்தக் கறிவேப்பிலை நம் ரசத்துக்கு மட்டுமல்ல, இரண்டு பட்டாம்பூச்சிகளுக்குத் தொட்டில். ஒன்று காமன் மார்மன், தமிழில் கறிவேப்பிலை அழகி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று எலுமிச்சை அழகி. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் இந்த இரண்டும் அவற்றில் மாறி மாறி முட்டையிடும்.

முட்டை குண்டூசித் தலை அளவு, வெளிர் மஞ்சள், இளம் இலையில் இருக்கும். வெளியே வரும் புழு பார்க்க அசல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். குருவி ஏமாறட்டும் என்றுதான். வளர்ந்த பிறகு பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டி நெடி விடும். நம்மை ஒன்றும் செய்யாது. அப்புறம் கூட்டுப்புழு. முட்டையில் ஆரம்பித்து றெக்கை முளைக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

கறிவேப்பிலை அழகியில் ஒரு வேடிக்கை வேறு. அதன் பெண்களில் சில, காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற வேறு இரண்டு பட்டாம்பூச்சிகள் மாதிரியே வேஷம் போட்டிருக்கும். அவை இரண்டும் ஈஸ்வரமூலி வகைக் கொடியைத் தின்று வளர்வதால் பறவைகளுக்கு ஆகாது. அந்தப் பயத்தில் இதையும் விட்டுவிடும். கேஒய்சி எல்லாம் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கும் மேனேஜர் மாதிரி. :-)

இன்னும் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். சனிக்கிழமை இங்கே மாருதி கோவில் வாசலில் எருக்கிலை மாலை விற்பார்கள். அந்த எருக்குதான் வெந்தய வரியனுக்கு வீடு. நெட்டிலிங்க மரம் இல்லாத மும்பை சொசைட்டி உண்டா? அது டெயில்ட் ஜே என்ற பச்சைப் புள்ளிக்காரனுக்கு. காலி மனையில் தானாக முளைத்த ஆமணக்கு, காமன் காஸ்டருக்கு. நாம் குப்பைச் செடி என்று பிடுங்கச் சொல்வதில் பாதி யாரோ ஒருவருடைய வீடு. மகாராஷ்டிர அரசு 2015-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த ப்ளூ மார்மனும் எலுமிச்சைக் குடும்பத்தை நம்பித்தான் இருக்கிறது. (நம்ம தமிழ்நாடு 2019-ல் 'தமிழ் மறவன்' என்ற ஒன்றை அறிவித்தது. பெயரைக் கேட்டால் மீசையை முறுக்கத் தோன்றும், ஆனால் அது காட்டுக்காரன், நம் பால்கனிக்கு வராது.) தானேயில் கோட்பந்தர் ரோட்டுப் பக்கம் ஓவலேகர் வாடி என்று ஒரு தோட்டம் இருக்கிறது. விவசாய நிலம் ஒன்றைப் பட்டாம்பூச்சிகளுக்கென்றே மாற்றியிருக்கிறார்கள். பூ மட்டும் இல்லாமல் புழுவுக்கான செடிகளும் சேர்ந்து இருந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல இடம்.

அடுத்தது போட்டோ. நானும் எடுப்பவன்தான். மொபைலில் இருக்கும் படங்களைப் பார்த்தால் தங்கமணிக்கு எரிச்சல் வரும், "நம்ம கல்யாண நாள் போட்டோ ஒண்ணு இருக்கா இதுல?" என்பார். ஆனால் போட்டோவோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. எல்லோரும் அபூர்வமானதைத் துரத்தித் துரத்தி எடுக்கிறோம். தினம் வருவதை யாரும் கண்டுகொள்வதில்லை. கேஷியர் ஒருத்தர் ஐநூறு ரூபாய்க் கட்டை மட்டும் அழகாகப் போட்டோ எடுத்துவிட்டு, சில்லறையை எண்ணாமல் கவுண்டரை மூடினால் அன்றைய கணக்கு டேலி ஆகுமா? எண்ணணும் சார், எல்லாவற்றையும் எண்ணணும்.

எண்ணுவதற்கு முறை இருக்கிறது. இங்கிலாந்தில் எர்னஸ்ட் பொல்லார்ட் என்ற விஞ்ஞானி 1973-ல் மாங்ஸ் வுட் என்ற இடத்தில் ஆரம்பித்தது. ஒரே பாதை, வாரம் ஒரு முறை, வெயில் இருக்கும் நேரம், ஒரே சீரான நடை. இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அதற்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். அவ்வளவுதான். 1976-லிருந்து அந்த நாட்டில் இதே முறையில் எண்ணி வருகிறார்கள், நடப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள். எது குறைந்தது, எது கூடியது என்று அவர்களால் ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது. இந்தியாவிலும் 2020-ல் செப்டம்பரைப் பட்டாம்பூச்சி மாதமாக வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் அந்த மாதம் மும்பைக்கு அருமையான சீசன். சொசைட்டிக்குள்ளேயே பதினைந்து நிமிஷம் நடந்தால் போதும்.

முக்கியமாக ஒன்று. எதுவுமே வராத வாரத்தில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பேங்கில் வேலை செய்பவர்களுக்கு நில் ஸ்டேட்மென்ட் தெரியும். ஒன்றுமில்லை என்றாலும் 'நில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். அனுப்பாதது வேறு, நில் வேறு. பூஜ்யத்தைப் போட்டோ எடுக்க முடியாது. எழுதத்தான் முடியும்.

இப்போது என் பாவக்கதை.

மூன்று வருடத்துக்கு முன்பு நான் எங்கள் சொசைட்டியின் பொருளாளர். பூச்சி மருந்துக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது, அதே ரேட்டில் தோட்டத்துச் செடிகளுக்கும் அடிக்க வேண்டும் என்று பேரம் பேசி சாதித்தேன். பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். கேட் பக்கத்தில் யாரோ ஒரு மாமி எப்போதோ நட்ட கறிவேப்பிலை மரமும் ஒரு எலுமிச்சையும் உண்டு. அப்போது ஆறாவது படித்த என் பெண், ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் அங்கே புழுக்களை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. ஒரு திங்கட்கிழமை 11 என்று எழுதியிருக்கிறாள். புதன்கிழமை மருந்தடித்தார்கள். வியாழக்கிழமை சாயந்திரம் வந்தவள் ஒன்றும் பேசவில்லை, அழவுமில்லை. நோட்டை எடுத்து 0 என்று எழுதினாள்.

"யாருப்பா மருந்து அடிக்கச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஏழு வாரமும் பூஜ்யம். அந்தக் காண்ட்ராக்டுக்குப் போன செக்கில் இருப்பது என் கையெழுத்து. வங்கியில் இத்தனை வருடமாக எத்தனையோ ஸ்டேட்மென்ட் பார்த்திருக்கிறேன். அந்த எட்டு பூஜ்யம் மாதிரி எதுவும் என்னைக் கேள்வி கேட்டதில்லை.

அடுத்த ஜெனரல் பாடியில் அந்த நோட்டைக் கொண்டுபோய்ப் பேசினேன். "புழுவுக்காகப் பேசறீங்க, டெங்கு வந்தா யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள். ஆனால் டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, மொட்டை மாடி டின், மூடாத டேங்க். அதை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவினால் கொசு குறையும். கறிவேப்பிலை இலையில் மருந்தடித்தால் புழுதான் சாகும், அடியில் தட்டில் இருக்கும் கொசுக் குஞ்சு சுகமாக இருக்கும். இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு கேட் பக்கத்து மூலையில் மட்டும் மருந்து வேண்டாம் என்று தீர்மானமானது. மற்ற இடமெல்லாம் பழையபடிதான். நான் கேட்டதில் கால்வாசிதான் கிடைத்தது. ஆனால் அந்த மூலையில் இப்போது பூஜ்யம் அபூர்வம்.

வீட்டிலும் ஒரு பஞ்சாயத்து உண்டு. "ரசத்துக்கு ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை இல்லாம நான் என்னடா சமைக்கறது?" என்று அம்மா கேட்டாள். அதுவும் நியாயம். இப்போது இரண்டு தொட்டி. ஒன்று சமையலுக்கு, வலை போட்டு மூடியிருக்கும். இன்னொன்று விருந்தாளிகளுக்கு. வழிதவறி சமையல் தொட்டிக்கு வந்த புழுவை அம்மாவே இலையோடு கிள்ளி அடுத்த தொட்டியில் வைக்கிறாள். மொட்டையாகத் தின்றாலும் கறிவேப்பிலை திரும்பத் துளிர்த்துவிடும், பயப்பட வேண்டாம்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஆறு மாதம் மொழி தெரியாத ஊர், சொந்தக்காரர் இல்லாத ஊர் என்று நாம் புலம்புகிறோம். எங்கிருந்தோ பறந்து வந்து, நம் கறிவேப்பிலையைக் காலால் தொட்டுப் பார்த்து, இது நம்ம வீடு என்று முடிவு செய்யும் ஒரு ஜீவன் இருக்கிறது. அதற்கு இடம் கொடுத்துவிட்டு அப்புறம் பூ வைக்கலாம், போட்டோ எடுக்கலாம்.

முலுண்ட் நண்பர் நேற்று போன் செய்தார். மருந்து பாட்டிலைத் தூக்கிப் போடவில்லையாம். ஆனால் இந்த வாரம் அடிக்கவில்லையாம்.

"எத்தனை புழு இருக்கு?" என்றேன்.

"எண்ணலையே சார்."

எண்ணுங்க சார்.

டிஸ்கி: நான் விலங்கியல் படித்தவன் இல்லை, வெறும் பி.காம். பட்டாம்பூச்சியை றெக்கையில் பிடிக்காதீர்கள், செதில் உதிரும். படம் எடுத்தால் மேல் றெக்கை ஒன்று, மடித்து வைத்திருக்கும்போது அடிப்பக்கம் ஒன்று எடுங்கள், அடையாளம் காண இரண்டும் வேண்டும்.