தராசுக்குத் தெரியாத ஊட்டம்

விளைச்சல் பெருகினால் பசி தீரும் என்கிறோம். வயிறு நிறைந்த பின்பும் உடலில் ஒரு குறை தங்கிவிடலாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

துருக்கியின் மத்திய அனத்தோலியா கோதுமை விளையும் பூமி. அங்குள்ள மண்ணில் சுண்ணாம்பு அதிகம், மழை குறைவு. மண்ணில் நாகம் இருந்தாலும் வேர்களால் அதைப் போதியளவு உறிஞ்ச முடியவில்லை. 1990களில் பேராசிரியர் இஸ்மாயில் சக்மக்கும் சக ஆய்வாளர்களும் இக்குறையை ஆராய்ந்தனர். நாக சல்பேற்றை மண்ணில் இட்டபோது குன்றிய பயிர் செழித்தது, விளைச்சலும் கூடியது. செலவிட்ட பணம் மீண்டதால் விவசாயிகள் நாகம் கலந்த பசளையை விரும்பி வாங்கினர்.

ஆனால் கோதுமை மணியில் நாகம் நன்கு சேர, மணி பால்பிடிக்கும் பருவத்தில் இலைகளிலும் அதைத் தெளிக்க வேண்டும். இத்தெளிப்பினால் விளைச்சல் பெரிதாகக் கூடுவதில்லை. நிறைக்கு விற்கும் விவசாயி இச்செலவை ஏன் ஏற்க வேண்டும்?

ரொட்டியையே பெரிதும் நம்பிய வீடுகளில் நாகக் குறைபாடு பிள்ளைகளின் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. பயன் பிள்ளைக்கு, செலவு விவசாயிக்கு என்பது நீதியாகாது. அரசுகளும் கோதுமையைக் கொள்வனவு செய்வோரும் அச்செலவை ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

எமது பாணுக்கும் ரொட்டிக்குமான கோதுமை கடல் கடந்தே வருகிறது. அதை வெள்ளை மாவாக்கும்போது தவிட்டோடு நாகத்தின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. வாங்குவோர் என்ற வகையில் எமக்கும் பொறுப்புண்டு. மாவின் விலையைக் கேட்கும் நாம், இனி அதன் ஊட்டத்தையும் கேட்போம்.