கல்விச் சீட்டா, பள்ளிக்கூடமா?

2025-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் வழக்கம்போல் திறந்தன. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டிய நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களுக்கு மட்டும் சேர்க்கை தொடங்கவில்லை. மற்ற ஆண்டுகளில் ஏப்ரல், மே மாதங்களிலேயே விண்ணப்பம் வாங்குகிற வேலை இது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பம்மலிலும் வருமானச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர்கள் காத்திருந்தார்கள். அறிவிப்பு வந்தது அக்டோபரில்! அதற்குள் காலாண்டுப் பரீட்சையே முடிந்துவிட்டது. கடனோ உடனோ வாங்கிக் கட்டணம் செலுத்த முடிந்தவர்கள் முன்பே குழந்தைகளைச் சேர்த்துவிட்டார்கள். முடியாதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தகராறு பணத்தைப் பற்றியது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய சர்க்காரின் பங்கு நூற்றுக்கு அறுபது. மாநிலத்தின் பங்கு நாற்பது. "பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடு, 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், பிறகு பணம் வரும்" என்ற தோரணையில் டில்லி நடந்துகொண்டது. தமிழ்நாடு மறுத்தது. 2024-25-ம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது என்று மாநில சர்க்கார் கணக்குச் சொல்லிற்று; 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. குழந்தைகளின் படிப்புப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தின் கல்விக் கொள்கையை மாற்றப் பார்ப்பது அக்கிரமம். இதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. ஆனால் 2025 ஜூனில் சென்னை ஹைகோர்ட் இரண்டு விஷயங்களைச் சொல்லிற்று. கல்வி உரிமைச் சட்டப் பணத்தை மற்றத் திட்டங்களோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்பது ஒன்று. டில்லிப் பணம் வரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தை மேடையில் முழங்கியவர்கள் இரண்டாவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள்.

இந்தச் சண்டையின் இரைச்சலில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அமுங்கிப் போயிற்று. ஓர் ஏழைக் குழந்தை 'அ' எழுத வேண்டுமானால், டில்லியிலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து ஒரு தனியார் நிர்வாகத்தின் பாங்குக் கணக்குக்கும் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற நிலைமை எப்படி ஏற்பட்டது?

2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த சட்டத்தின் 12-வது பிரிவுதான் இதற்கு வழி செய்தது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. 2014-ல் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்தது. சர்க்கார் தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம் இவ்விரண்டில் எது குறைவோ அதை நிர்வாகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் இந்தக் கணக்கில் வருகின்றன. தலைக்கு இவ்வளவு என்று பொதுப்பணம் தனியார் பள்ளிக்குப் போகிறது. மேல்நாட்டில் இதன் அண்ணன்காரனுக்கு வவுச்சர் என்று பெயர். நாம் கல்விச் சீட்டு என்போம். ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நமது சட்டம் பள்ளி நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துகிறது: பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கக்கூடாது, மனுக்கள் அதிகமானால் குலுக்கல்தான். கல்விச் சீட்டுக்காரர்கள் விரும்புவதோ, சர்க்கார் பள்ளி நடத்துவதை விட்டுவிட்டுச் சீட்டு மட்டும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பதை! 2007-ல் டில்லியில் ஒரு தனியார் ஸ்தாபனம் 408 குழந்தைகளுக்குச் சீட்டுக் கொடுத்துப் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்த்தது. "பணம் குழந்தையின் பின்னால் போகட்டும், பெற்றோர் விரும்பிய பள்ளியைப் பொறுக்கிக்கொள்ளட்டும்" என்பது அவர்கள் வாதம். கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

இந்த யோசனைக்கு 1955-ல் சாஸ்திர உருவம் கொடுத்தவர் மில்டன் பிரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர். அதே காலத்தில் அதே அமெரிக்காவில் அது எப்படி உபயோகப்பட்டது தெரியுமா? வெள்ளைக் குழந்தைகளும் நீக்ரோக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று 1954-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா ராஜ்யத்தில் பிரின்ஸ் எட்வர்டு என்ற ஜில்லாவின் கனவான்கள் அதற்குக் கட்டுப்பட மனமில்லாமல் 1959-ல் பொதுப் பள்ளிகளை அடியோடு இழுத்து மூடினார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்கென்று தனியார் பள்ளி முளைத்தது. கட்டணம் செலுத்தப் பொதுப்பணத்திலிருந்து மானியமும் கிடைத்தது. கறுப்புக் குழந்தைகளுக்கு 1964 வரை பொதுப் பள்ளிக்கூடமே இல்லை. ஐந்து வருஷம்! பொறுக்கிக்கொள்ளும் சுதந்திரம் யாருக்கு இருந்தது?

சிலி தேசத்தின் கதை இன்னும் நீளமானது. 1980-களின் தொடக்கத்தில் பினோசேயின் ராணுவ ஆட்சி நாடு முழுவதும் இந்த முறையைப் புகுத்தியது. அப்போது ஐந்தில் நான்கு பங்குக் குழந்தைகள் பொதுப் பள்ளிகளில் படித்தார்கள். முப்பது ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வசதியுள்ளவர்கள் சீட்டுக்கு மேல் கைப்பணம் கட்டி நல்ல பள்ளிகளைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிகள் தங்களுக்குப் பிடித்த குழந்தைகளைப் பொறுக்கிக்கொண்டன. 2006-லும் 2011-லும் மாணவர்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகே, சர்க்கார் பணம் வாங்கும் பள்ளிகள் லாபம் எடுப்பதற்கும், கூடுதல் கட்டணம் வாங்குவதற்கும், பிள்ளைகளைப் பொறுக்குவதற்கும் முடிவு கட்டும் சட்டம் 2015-ல் வந்தது.

நம் பக்கத்திலேயே நடந்த ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். ஆந்திராவில் 5 ஜில்லாக்களில் 180 கிராமங்களில் 2008 முதல் நான்கு வருஷம் குலுக்கல் முறையில் சீட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2015-ல் வெளியாயிற்று. சீட்டுப் பெற்றுத் தனியார் பள்ளிக்குப் போன குழந்தைகள் தெலுங்கிலும் கணக்கிலும் சர்க்கார் பள்ளிக் குழந்தைகளைவிட ஒரு படியும் மேலே இல்லை. இந்தியில் மட்டும் நன்றாகத் தேறினார்கள். (தமிழ்நாட்டில் இதைச் சொல்லிச் சீட்டு விற்க முடியாது!) ஆனால் தனியார் பள்ளிகளின் செலவு, சர்க்கார் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. கல்விச் சீட்டுக்காரர்கள் கொண்டாடுவது இதைத்தான். சிக்கனம் எங்கிருந்து வந்தது? சர்க்கார் உபாத்தியாயர் வாங்கும் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு பாடம் நடத்திய தனியார் பள்ளி உபாத்தியாயரின் வயிற்றிலிருந்து வந்தது. இதைச் சிக்கனம் என்று சொல்வதற்கு முதலாளிக்கு வாய் வரும், நமக்கு வராது.

இவ்வளவு சொல்லிவிட்டு, தாம்பரத்துத் தாய் ஏன் சர்க்கார் பள்ளி வாசலைத் தாண்டித் தனியார் பள்ளிக்குப் போகிறாள் என்று கேட்காமல் விட்டால் அது வெறும் பிரசங்கம். ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்யும் பெண்ணும், குரோம்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலாளியும், அனகாபுத்தூர் நெசவாளியும் அந்தஸ்துக்காக மட்டும் வயிற்றைக் கட்டிக் கட்டணம் கட்டவில்லை. தனியார் பள்ளி மூன்றரை வயதிலேயே எல்.கே.ஜி.யில் குழந்தையை வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலான சர்க்கார் தொடக்கப் பள்ளிகள் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. ஐந்து வயதில் சர்க்கார் பள்ளி கதவைத் திறக்கும்போது குழந்தை வேறிடத்தில் இரண்டு வருஷம் படித்து முடித்திருக்கிறது. அங்கிருந்து யார் எடுத்துவருவார்கள்? 25 சதவீத இடங்களும் எல்.கே.ஜி.யிலேயே நிரம்புகின்றன. 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் அதையும் நிறுத்தப் பார்த்து, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கி, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிகமாக ஆள் போட்டார்கள். தனியார் முதலாளியைக் குறை சொல்லும் சர்க்கார், அதே சம்பளக் கணக்கைத் தானும் போடுகிறது!

காசு கொடுத்தால் எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கையும் இந்த வட்டாரத்தில் ஒரு காரணம். 2012 ஜூலையில் முடிச்சூரில் ஒரு தனியார் பள்ளி பஸ்ஸின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் அதன் பிறகுதான் வந்தன. சீட்டு கட்டணத்தைக் கொடுக்கும். பஸ்ஸின் பலகையை யார் பார்ப்பது? அதற்கும் சர்க்கார் அதிகாரிதான் போக வேண்டியிருக்கிறது.

பணமில்லை என்ற பல்லவி நமக்குப் புதிதல்ல. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை குறைந்த செலவில் அதிகப் பிள்ளைகள் என்று சொல்லிப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது. ஜனங்கள் பொறுக்கவில்லை, 1954-ல் அது வாபஸாயிற்று. அடுத்து வந்த காமராஜ் சர்க்கார் பள்ளிகளைத் திறந்ததோடு 1956-ல் மதிய உணவும் போட்டது. 2023-ல் காலை உணவு சுமார் 31,000 சர்க்கார் பள்ளிகளுக்கு விரிந்ததை நாம் வரவேற்கிறோம். பசியோடு வரும் பிள்ளைக்கு எந்தச் சீட்டும் இட்டிலி ஆகாது.

அப்படியானால் 25 சதவீத இடங்களை ஒழித்துவிடலாமா? கூடாது. கர்நாடகம் 2019-லிருந்து, பக்கத்தில் சர்க்கார் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இடம் தர வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது. 2024-ல் மகாராஷ்டிரமும் அதே வழியில் போகப் பார்த்தது; பம்பாய் ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. பக்கத்திலுள்ள சர்க்கார் பள்ளியைச் சீர்திருத்தாமல் தனியார் பள்ளிக் கதவை மட்டும் ஏழைக்கு அடைப்பதில் யாருக்கு லாபம்? பணக்காரப் பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும்தான். உள்ள இடங்களில் சேர்க்கை ஏப்ரலில் நடக்க வேண்டும். மத்திய சர்க்கார் தன் அறுபது பங்கை நிபந்தனையில்லாமல் தர வேண்டும். தராவிட்டாலும் மாநில சர்க்கார் முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் டில்லியோடு வழக்காடட்டும்.

அதே சமயம் எல்லாச் சர்க்கார் தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும், அவற்றுக்கு முழுச் சம்பளத்தில் பயிற்சி பெற்ற உபாத்தியாயர்களும் வேண்டும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரத்தை மாநகராட்சியாக்கியபோது வரி உயரும் என்று பயந்த ஜனங்களுக்கு, அந்த வரியில் பள்ளிக்கூடம் எவ்வளவு என்று கேட்க உரிமை உண்டு. பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை எந்தெந்தச் சர்க்கார் பள்ளியில் மூன்றரை வயதுக் குழந்தையைச் சேர்க்கலாம், எத்தனை இடம், எத்தனை உபாத்தியாயர் என்ற பட்டியலை அடுத்த ஏப்ரலுக்கு முன் வார்டு வார்டாக ஒட்டும்படி மாநகராட்சியையும் கல்வி இலாகாவையும் வற்புறுத்துகிறோம்.